கடலில் ஒருவருமில்லை

ஒரு மனிதர் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கடலில் கிடந்தார். அதில் ஐந்து மணித்தியாலம் அவர் கிடந்தது என்னால். கம்பியூட்டர் பிழை விட்டுவிட்டது என்று எங்கள் கரையில் எல்லோரும் சொல்லுகிறார்கள். அது பிழை விடவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே செய்தது. நான் எழுதியது இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல நினைக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கடலுக்குப் போகிறவள் இல்லை. நிலாவெளிப் பக்கம் ஒரு கரையில் மீனவர் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கிறேன். எங்களிடம் பதினொரு வள்ளம். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். இஞ்சின் பிடிக்கிற ஓட்டி ஒருவர், வலை இழுக்கக் கூடப் போகிறவர் ஒருவர். யார் எந்த வள்ளத்தில் போகிறார்கள் என்று முந்தின நாள் பின்னேரமே எனக்குச் சொல்லிவிட வேண்டும். விடிய முன்னம் போவார்கள், பத்துப் பதினொரு மணிக்குத் திரும்பி வருவார்கள். வந்ததும் எனக்கு அறிவிக்க வேண்டும். எல்லாப் பெயரும் அடிபட்டால் நான் கதவைப் பூட்டலாம். ஒரு பெயர் மிஞ்சினாலும் பூட்ட ஏலாது. வேறு வள்ளங்களை அனுப்ப வேண்டும், கடற்படைக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஆளைத் தேடுவதா விடுவதா என்பது என்னிடம் உள்ள பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வேலை சின்னது. பிழை விட இடமில்லாதது.

முன்பு இதற்கு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஆள் மாறினால் பழைய பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்துப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதுவேன். பின்னேரம் ஆகும்போது பலகை கோழி கிண்டின முற்றம் மாதிரி இருக்கும். உப்புக் காற்றுக்கு மார்க்கர் பேனை காய்ந்துபோகும். வருகிறவன் போகிறவன் எல்லாம் தோளால் உரசிப் பாதிப் பெயரைச் சட்டையில் கொண்டு போய்விடுவான். எனக்கு அதைக் கண்டாலே ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தில்தான் நான் கம்பியூட்டர் படிக்கப் போனேன்.

லிங்கநகரில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று இலவச வகுப்பு நடத்தினார்கள். பன்னிரண்டு பேர். படிப்பித்தவர் கிண்ணியாவிலிருந்து வருகிற பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

முதல் கிழமையே எனக்கும் அவருக்கும் கொழுவல். புரோகிராமில் மாறி என்றால் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பெயர் வைக்கிறோம், உள்ளே ஒன்றைப் போடுகிறோம் என்று சொன்னார். மீன் என்று பெயர் வைத்து அதில் ஐந்தைப் போடச் சொன்னார். அடுத்த வரியில் அதே மீனில் ஏழைப் போடச் சொன்னார். இப்போது மீனில் எவ்வளவு, கொப்பியில் எழுதுங்கள் என்றார். நான் பன்னிரண்டு என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த பெட்டி, வெள்ளை நுரை மாதிரி ரெஜிபோமில் செய்த மீன்பெட்டிதான். அடியில் ஐஸ், அதற்கு மேல் மீன், பிறகும் ஐஸ், பிறகும் மீன். மேலே போடுவதால் கீழே உள்ளது எங்கும் போகாது. நசிந்தாலும் அங்கேயே கிடக்கும்.

இயந்திரம் ஏழு என்று காட்டியது.

“மிஸ், ஐஞ்சு எங்க?”

“அது போயிட்டுக்கா.”

“எங்க போனது?”

“எங்கயும் போகல்ல. இல்லாமப் போயிட்டு. புதுசு வந்தா பழசு அழிஞ்சிரும்.”

“அப்ப அது பெட்டி இல்லை. பெட்டியெண்டு சொல்லாதீங்கோ.”

பின்வாங்கில் ஒரு ஓட்டோக்காரர் இருந்தார். வகுப்புக்கு வந்ததே பகிடி விடத்தான் என்று நான் நினைக்கிறேன். “மிஸ், அக்கா ஐஸுக்குள்ள கையை விட்டுத் தேடுறா, விடுங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். “புத்தகத்தில பெட்டி எண்டுதானே இருக்கு, நான் வேற என்னத்தச் சொல்ற?” என்றார்.

புத்தகம் எழுதினவன் மீன்பெட்டி கண்டிருக்கமாட்டான். ஆனால் விசயம் எனக்கு அன்றே விளங்கிவிட்டது. ஒரு பெயருக்கு ஒரு இடம்தான். புதியது வந்தால் பழையது இல்லை. விளங்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் கிழமையோ நான்காம் கிழமையோ, மிஸ் மூன்று கிளாஸ் கொண்டுவந்தார். ஒன்றில் பிளேன்டீ, ஒன்றில் பச்சைத் தண்ணீர், மூன்றாவது வெறுமை. பிளேன்டீயையும் தண்ணீரையும் இடம் மாற்ற வேண்டும். பிளேன்டீயை வெறும் கிளாஸுக்குள் ஊற்றினார். தண்ணீரைப் பிளேன்டீ இருந்த கிளாஸுக்குள் ஊற்றினார். பிறகு பிளேன்டீயைத் தண்ணீர் இருந்த கிளாஸுக்குள் ஊற்றினார். இரண்டு மாறியில் உள்ளதை மாற்றுவதற்கும் இப்படி மூன்றாவது ஒன்று வேண்டும் என்றார்.

எனக்கு அது விசர் வேலையாகத் தெரிந்தது.

“மிஸ், எங்கட கரையில ரெண்டு வள்ளம் பக்கத்தில பக்கத்தில நிண்டா, இவன் அங்க கால் வைப்பான், அவன் இஞ்ச கால் வைப்பான். முடிஞ்சுது. ரெண்டு பேரை மாத்த மூண்டாவது வள்ளம் கொண்டருவாங்களோ?”

“ஆக்கள் ஒரே நேரத்தில மாறலாம். மெஷினுக்கு ஏலாதுக்கா. ஒரு வரி முடிஞ்சுதான் மத்த வரி.”

“கண் மூடித் திறக்க முன்னம் ஆயிரம் வரி செய்யுமெண்டு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குள்ள என்ன நடந்திரப் போகுது?”

“கெதியில்ல பிரச்சின. ஒழுங்குதான் பிரச்சின.”

“மிஸ்,” என்றார் ஓட்டோக்காரர், “அந்த டீயை இப்ப ஆர் குடிக்கிறது?”

மறுபடி சிரிப்பு. வகுப்பு கலைந்தது. மற்றவர்கள் மூன்று கிளாஸையும் கொப்பியில் கீறிக்கொண்டார்கள். நான் கீறவில்லை. எங்கள் கரையில் ஆள் மாறுவதை ஆயிரம் தடவை கண்டவள் நான். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் காட்டத் தேவையில்லை என்று நினைத்தேன்.

சங்கத்துக்கு யாரோ தந்த பழைய லேப்டொப் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. அதில் மூன்று மாதம் மல்லுக்கட்டிப் பட்டியலுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பதினொரு வள்ளம், இருபத்திரண்டு பெயர். வந்தவரின் பெயரை அடித்தால் அது வள்ளத்திலிருந்து அழிந்து, வந்தவர்கள் பக்கத்தில் விழும். ஒரு பெயர் தவறி இரண்டு வள்ளத்தில் விழுந்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, எங்கே கண்டாலும் அழி என்று எழுதிவைத்தேன். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். எல்லாப் பெயரும் அழிந்தால் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வரும்: கடலில் ஒருவருமில்லை. அந்த வரியை நானே யோசித்து எழுதினேன்.

இரண்டு பேரை இடம் மாற்றுவதற்கும் ஒரு பொத்தான் வைத்தேன். நீல வள்ளத்தில் கூடப் போகிறவரும் வெள்ளை வள்ளத்தில் கூடப் போகிறவரும் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது இதுதான்:

நீலம் = வெள்ளை
வெள்ளை = நீலம்

எழுதி, அழுத்தி, நீல வள்ளத்தைத் திறந்து பார்த்தேன். புதுப் பெயர் வந்திருந்தது. சந்தோசப்பட்டேன். வெள்ளையைத் திறந்து பார்க்கவில்லை. இவன் அங்கே போனால் அவன் இங்கே வந்துதானே இருக்க வேண்டும்.

கரையில் ஆண்கள் நக்கலடித்தார்கள். “அக்கா, எங்களை உதுக்குள்ள அடைச்சுப்போட்டு மீனையும் உதே பிடிச்சுத் தருமோ?” என்றார் ஒருவர். “லைப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைச்சுப் படுக்கிறவங்களுக்கு லேப்டொப் ஒண்டுதான் குறை” என்றேன் நான். பலகையை ஈரத்துணியால் துடைத்து அலுமாரிக்குப் பின்னால் சாத்தினேன். இரண்டு மாதம் ஒரு குழப்பமும் இல்லை. இரண்டு மாதமும் யாரும் இடம் மாறவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரு வள்ளத்தில் ஏற மாட்டார்கள். அண்ணன் தம்பியானாலும் சரி, தகப்பன் மகனானாலும் சரி. ஏன் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு வள்ளம் வராமல் போனால் அந்த வீட்டில் ஒரு ஆளாவது மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் பின்னேரம் நீல வள்ளத்து ஓட்டி வந்தார். தன்னோடு போகிறவருக்குக் காய்ச்சல் என்றார். “வேற ஒருத்தரும் அம்பிடேல்லை. தம்பியைப் போடுங்கோ” என்றார். தம்பிக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருசம் ஆகவில்லை. நான் அந்த ஓட்டியை, அண்ணனைப் பார்த்தேன். “ஒரு நாளைக்குத்தானே” என்றார். நீலத்தில் தம்பியின் பெயரைப் போட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் போன் எடுத்தார். நான் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். லேப்டொப் மேசையில் திறந்தபடி.

“அக்கா, அம்மா ஒரே சத்தம். ரெண்டு பேரும் ஒரு வள்ளத்தில ஏறினா அவ பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டாவாம். தம்பியை வெள்ளையில விடுங்கோ. வெள்ளையில போறவனை எனக்குத் தாங்கோ. அவங்களோட கதைச்சிட்டன்.”

வெள்ளையில் வழக்கமாகப் போகிறவர் ஒரு மெலிந்த மனிதர். பெயர் சொல்லாமல் எழுதுவதால் மெலிந்தவர் என்றே சொல்லுகிறேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். நீலத்தில் மெலிந்தவரின் பெயர் வந்தது. “மாத்தியாச்சு” என்றேன். துருவலுக்குத் திரும்பினேன்.

உள்ளே நடந்தது இது. முதல் வரி வெள்ளையில் இருந்த பெயரை எடுத்து நீலத்தில் வைத்தது. நீலத்தில் அதுவரை இருந்த தம்பியின் பெயர் அந்த இடத்திலேயே அழிந்தது. இரண்டாம் வரி நீலத்தில் இருப்பதை எடுத்து வெள்ளையில் வைத்தது. நீலத்தில் அப்போது இருந்தது மெலிந்தவரின் பெயர். ஆக, இரண்டு வள்ளத்திலும் மெலிந்தவர். தம்பி ஒரு வள்ளத்திலும் இல்லை. அவர் மறுநாள் விடிய முன்னம் வெள்ளை வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனார்.

ஒன்பது மணிபோலக் காற்று திடீரென்று திரும்பியது. சங்கத்து அறையின் தகரம் அடித்துக்கொண்டது. கரையில் அலை எழும்பி உடைந்ததில் ஒரு வள்ளமும் கரையேற முடியாது என்று தெரிந்தது. வள்ளங்கள் ஒதுக்கம் தேடித் துறைமுகத்துக்குள் ஓடின. நான் போனும் லேப்டொப்பும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன்.

பத்தரைக்கு ஒரு வள்ளத்திலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளை கவிழ்ந்துவிட்டது. அதன் ஓட்டியைக் கண்டெடுத்துவிட்டார்கள். தலை உடைந்திருக்கிறது, நினைவில்லை, கொண்டு போகிறார்கள். வேறு இரண்டு வள்ளங்கள் அந்த இடத்தில் நின்று தேடுகின்றன.

“அக்கா, வெள்ளையில மற்ற ஆள் ஆர்?”

திரையைப் பார்த்தேன். மெலிந்தவரின் பெயரைச் சொன்னேன்.

பத்து நிமிசம் போகவில்லை, மெலிந்தவரே கூப்பிட்டார். “அக்கா, நான் ஹாபரில நிக்கிறன். நனைஞ்சதைத் தவிர வேற ஒண்டுமில்லை.” எனக்கு நெஞ்சில் தண்ணீர் வார்த்தது போல இருந்தது. கவிழ்ந்த வள்ளத்தில் இருந்தவர் எப்படிப் பத்து நிமிசத்தில் துறைமுகத்துக்கு வந்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. அவருடைய பெயரை அடித்தேன். நீலத்திலும் அழிந்தது, வெள்ளையிலும் அழிந்தது. தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன் எடுத்தேன்.

“வெள்ளையில போன ரெண்டு பேரும் தப்பிட்டினம். நீங்களும் திரும்பி வாங்கோ, காத்து கூடுது.”

திரும்பினார்கள். அப்போது பதினொரு மணி.

அதற்குப் பிறகு துறைமுகத்தில் நின்ற ஒருவர் ஐந்தாறு பெயரை ஒரே மூச்சில் வாசித்தார். அதில் அண்ணனின் பெயரும் இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அறிவித்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரையில் பச்சை வரி வந்தது. கடலில் ஒருவருமில்லை. நான் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

பன்னிரண்டரைக்குத் தம்பியின் மனுசி போன் எடுத்தார்.

“அக்கா, வெள்ளை கவிண்டிட்டுதாம். இவர்?”

திரையைப் பார்த்தேன். பெயர் இல்லை.

“வந்திட்டார் தங்கச்சி. பயப்பிடாதீங்கோ.”

“நீங்க கண்டனீங்களோ?”

“நான் காணேல்லை. லிஸ்டில இல்லை. லிஸ்டில இல்லாட்டி ஆள் கரையிலதான்.”

“போன் வேலை செய்யுதில்லை அக்கா.”

“நனைஞ்சிருக்கும். ஹாபரில அண்ணனோட நிப்பார். நீங்க சோத்தைப் போட்டு வையுங்கோ, பசியோட வருவார்.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். “சரியக்கா” என்றார்.

இயந்திரம் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பி வந்துவிட்டார் என்று அது யாரிடமும் சொல்லவில்லை. ஒரு இடம் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு ‘வந்திட்டார்’ என்று சொன்னது என் வாய்.

மூன்றே முக்காலுக்கு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து யாருடைய போனிலோ கூப்பிட்டார். துறைமுகத்தில் அவருக்கும் இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சங்கம் சொல்லிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி வெள்ளை ஓட்டியோடு ஆஸ்பத்திரியில் இருப்பான் என்று நினைத்து, தண்ணீர் போன இஞ்சினைக் கழற்றிக் காயவைத்துவிட்டு ஆறுதலாகப் போயிருக்கிறார்.

“அக்கா, தம்பியை எந்த வார்ட்டில போட்டவங்கள்?”

“ஏன், உங்களோட இல்லையோ?”

“என்னோட எப்பிடி? அவன் வெள்ளையிலதானே போனவன்.”

தம்பியின் பெயரைத் தேடச் சொல்லி லேப்டொப்பில் அடித்தேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்று காட்டியது. வந்தவர்கள் பக்கத்திலும் இல்லை, போனவர்கள் பக்கத்திலும் இல்லை. நேற்றுப் பின்னேரம் என் விரலால் அடித்த பெயர். பலகையாக இருந்திருந்தால் கோடு இழுத்தாவது கிடந்திருக்கும்.

கடற்படைக்குச் சொன்னேன். துறைமுகத்தில் நின்ற வள்ளங்களுக்குச் சொன்னேன். நாலு மணிக்குப் பிறகுதான் தேடப் போனார்கள். அண்ணனும் போனார். போக முன்னம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பதினொரு மணிக்கு ஏன் அக்கா திருப்பினீங்கள்?”

எங்கள் ஆட்கள் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. நீரோட்டம் அவரைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூதூர்ப் பக்கத்து வள்ளம் ஒன்று, துறைமுக வாய்க்கும் அப்பால், ஐந்தரை மணிக்கு எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தவரைத் தூக்கியது. உயிர் இருந்தது. இடது தோள் மூட்டு வள்ளம் கவிழ்ந்தபோதே கழன்றிருந்தது. கழன்ற கையை அத்தனை நேரம் இழுத்துப் பிடித்ததில் நரம்பு போய்விட்டது என்றார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரி. அந்தக் கை இனி மேலே எழும்பாது. வலை இழுக்க ஏலாது.

உயிரோடு வந்துவிட்டாரே, பிறகென்ன என்று என்னிடம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இரண்டு கையும் நன்றாக இருக்கிறது.

சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் எழும்பி, கம்பியூட்டர் பிழை விட்டுவிட்டது என்றார். டவுனிலிருந்து வந்த உத்தியோகத்தர் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினார். நான் எழும்பி, கோளாறு ஒன்றும் இல்லை, நான் எழுதினது பிழை என்றேன்.

“இருங்கோ பிள்ளை,” என்றார் தலைவர். “உங்களை ஆரும் குற்றம் சொன்னவையோ?”

“நான் சொல்லுறன்.”

“சரி சரி, இருங்கோ.”

இருத்திவிட்டார்கள். பலகையும் இருக்கட்டும், கம்பியூட்டரும் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். கூட்டம் வைத்தால் இப்படித்தான் முடியும். எனக்கு ஒரு தண்டனை தந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். எல்லோரும் போகும்வரை இருந்து மிஸ்ஸிடம் அந்த இரண்டு வரியைக் காட்டினேன். அவருக்கு வாசிக்க ஒரு நொடி போதும். ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைத்தானேக்கா நான் ஊத்திக் காட்டினன்.”

“ஓம் மிஸ்.”

“பெட்டி எண்டு சொன்னது என்ட பிழையோ?”

“உங்கட தலையில ஒண்டையும் போடாதீங்கோ. பழசு அழியுமெண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும்.”

உண்மை அதுதான். ஐந்துக்கும் ஏழுக்கும் எனக்கு விளங்கியது. ஆட்கள் என்று வந்தபோது விளங்கவில்லை. நீலம் என்று எழுதும்போது என் கண்ணில் தெரிந்தது வள்ளம். அதில் நிற்கிற ஆள். ஒரு ஆள் இறங்கினால் மணலில் நிற்பான், அல்லது தண்ணீரில் நிற்பான், எங்கேயாவது நிற்பான். அவனுடைய இடத்தில் இன்னொருவன் வந்ததற்காக அவன் இல்லாமல் போகமாட்டான். அந்தப் பெட்டிக்குள் ஆள் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது என்பதை நான் மறந்தேன். பெயருக்குக் கால் இல்லை. நகர்ந்து நிற்கத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பின்னேரம், நாளைக்குப் போகிறவர்களின் பெயரை அடித்து முடித்த நேரம் தம்பி சங்கத்துக்கு வந்தார். அவருடைய மனுசி படலைக்கு வெளியே மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைய போனுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை.

தம்பி கதிரையில் இருந்தார். இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, எப்பிடி நடந்ததெண்டு எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ.”

“என்னத்தைக் காட்ட, தம்பி.”

“ரெண்டு வள்ளம் வந்தது. இஞ்சின் சத்தம் கேட்டது. கத்தினன், காத்துக்குக் கேக்கேல்லை. அலை தூக்கேக்க ஆக்களையும் கண்டனான், ஆரெண்டும் தெரிஞ்சது. பேந்து திரும்பிப் போட்டாங்கள். என்னைக் கண்டிட்டும் விட்டிட்டுப் போறாங்களோ எண்டு நினைச்சன். பின்னேரம் மட்டும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். ஆருக்கு என்ன செய்தனான் எண்டு.”

“நான்தான் திரும்பச் சொன்னது.”

“அது தெரியும். எனக்கு இதைக் காட்டுங்கோ.”

பழைய இரண்டு வரியை நான் அழிக்கவில்லை. வேறாக வைத்திருந்தேன். நீலத்தில் அவருடைய பெயரை அடித்தேன். வெள்ளையில் மெலிந்தவரின் பெயரை அடித்தேன். முதல் வரியை மட்டும் ஓடவிட்டேன்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இப்ப நான் எங்க?”

“எங்கயும் இல்லை.”

“உள்ளுக்கு எங்கயாவது கிடக்குமே.”

“கிடக்காது.”

“திருப்பி எடுக்க?”

“ஏலாது.”

“அப்ப என்ன செய்திருக்க வேணும்?”

மூன்று வரியாக எழுதிக் காட்டினேன்.

கைவசம் = நீலம்
நீலம் = வெள்ளை
வெள்ளை = கைவசம்

“மற்ற ஆள் வர முன்னம் உங்கட பேரை வேற ஒரு இடத்தில எடுத்து வைக்க வேணும். பிறகு அங்கயிருந்து வெள்ளைக்குக் குடுக்க வேணும்.”

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மூன்று வரியையும் வாய்க்குள் வாசித்தார். வெளியிலிருந்து மனுசி, “இருட்டப் போகுது, வாங்கோ” என்றார். அவர் எழும்பவில்லை.

“நாளைக்கு அண்ணன் போறாரோ?”

“ஓம். நீலத்தில.”

“எல்லாற்ற பேரையும் வாசியுங்கோ.”

நான் ஒவ்வொரு வள்ளமாகத் திறந்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லச் சொல்ல வலது கை விரலால் தொடையில் தட்டி எண்ணினார். பதினொரு வள்ளமும் முடிந்தது.

“இருபத்திரண்டு,” என்றார்.

“ஓம், இருபத்திரண்டு.”

கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னொருக்கா வாசியுங்கோ,” என்றார்.